நாக்குக்கு அடியில் 400-இல் ஒரு பங்கு

கண்ணாடி முன்னால் நின்று நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பாருங்கள். நடுவில் நாக்கைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் ஒரு மெல்லிய சவ்வு, அதன் இரண்டு பக்கமும் நீலமாக ஓடும் சிரைகள். அந்த இடம் முழுக்க மூடியிருக்கும் உள்தோல் சவ்வின் கனம் 100 முதல் 200 மைக்ரான்தான். கன்னத்தின் உட்பக்கம் 500, 600 மைக்ரானுக்கு மேலேயே இருக்கும். நாக்கடியில் உள்ளே போகும் மருந்து கழுத்துச் சிரை வழியாக நேராக இதயத்துக்குப் போய்விடும். வயிற்று அமிலத்தில் வேகாது, கல்லீரல் முதல் சுற்றிலேயே பாதியைச் சிதைத்துவிடும் கதையும் கிடையாது.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. லண்டன் மருத்துவர் வில்லியம் முரெல் நைட்ரோகிளிசரினை நெஞ்சுவலிக்குக் கொடுக்கலாம் என்று லான்செட் இதழில் எழுதியது 1879-இல். அதற்கு முன் அவர் அந்தக் கரைசல் இருந்த பாட்டிலின் ஈரமான கார்க்கை நாக்கில் தொட்டுப் பார்த்து, நாடி படபடவென்று அடித்ததைத் தானே அனுபவித்தவர். நம் வீடுகளில் அப்பாக்களின் சட்டைப்பையில் இருக்கும் சார்பிட்ரேட் மாத்திரையும் அதே குடும்பம்தான். நெஞ்சைப் பிடித்தால் நாக்குக்கு அடியில் வை என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

இதை இப்போது எழுதக் காரணம் என் பெரியப்பா மகன். சர்க்கரைக்கு வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறவர். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பி, “பாப்பா, இது நிஜமா? உங்க லைன்தானே?” என்று கேட்டிருந்தார். ‘ஊசி வேண்டாம். பெப்டைடு ஸ்ட்ரிப், நாக்குக்கு அடியில் ஒரு நிமிஷம்.’ பச்சை இலை படம், புன்னகைக்கும் பெண், நான்கு ஐந்து நட்சத்திரங்கள்.

என் லைன்தான். பல வருஷமாக ஒரு மருந்துக் கம்பெனியின் ஃபார்முலேஷன் லேபில் எனக்கு வேலையே வாயில் கரையும் இந்த மெல்லிய பட்டை, அதாவது ஸ்ட்ரிப்தான். அதனால் அண்ணனுக்குச் சுருக்கமாக ‘நம்பாதீங்க’ என்று அனுப்பிவிட்டு நகர மனசு வரவில்லை. ஸ்ட்ரிப் நல்ல சரக்கு. பெப்டைடும், அதாவது இன்சுலின் மாதிரி அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலியும், நல்ல சரக்கு. இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதில்தான் வில்லங்கம்.

முதலில் ஸ்ட்ரிப். 2001-இல் அமெரிக்காவில் வந்த லிஸ்டரின் வாய்மணப் பட்டைகளை வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்து பார்த்திருப்பீர்கள். நாக்கில் வைத்தால் காணாமல் போகும். அது புல்லுலான் என்ற சர்க்கரைப் பாலிமர். நாங்கள் பெரும்பாலும் ஹெச்.பி.எம்.சி. என்ற செல்லுலோஸ் வகையைப் பயன்படுத்துவோம். பொடியைத் தண்ணீரில் தூவி ஊறவிட்டால் கஞ்சிபோலக் கெட்டியாகும். வளைந்துகொடுக்கக் கொஞ்சம் கிளிசரால், கசப்பை மறைக்க இனிப்பு, புதினா, அப்புறம் மருந்து. காற்றுக் குமிழி அடங்கும்வரை காத்திருந்து, பிளாஸ்டிக் விரிப்பின் மேல் சீரான கனத்தில் இழுத்து, வெதுவெதுப்பான சூட்டில் காயவைத்து, தபால்தலை அளவில் வெட்டி, ஒவ்வொன்றையும் அலுமினிய உறைக்குள் அடைக்க வேண்டும். அடிப்படையில் வடாம் போடுகிற வேலை. மழைக்காலத்தில் வடாம் என்ன பாடுபடுத்துமோ அதே பாட்டை இதுவும் படுத்தும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் ஈரநீக்கி இயந்திரம் கொஞ்சம் சுணங்கினாலும் போதும், ஸ்ட்ரிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பயந்துபோய் அதிகமாகக் காயவைத்தால் உறையைப் பிரிக்கும்போதே நொறுங்கும்.

பெப்டைடு என்றால் இந்த வேலையில் இன்னும் இரண்டு தலைவலி. சூடு ஆகாது. அப்புறம், கலக்கும்போது நுரை வந்தால் இன்சுலின் மாதிரியான பெரிய மூலக்கூறுகள் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் போய் ஒட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று திரண்டு கெட்டுப்போகும். அதனால் மெதுவாக, மிக மெதுவாகக் கலக்க வேண்டும். இதெல்லாம் பொறுமையும் பணமும் இருந்தால் தீர்கிற பிரச்சினைகள்தான். தீராதது வேறொன்று. அதற்கு வருகிறேன்.

சின்ன மூலக்கூறுகளுக்கு ஸ்ட்ரிப் நன்றாக வேலை செய்கிறது. ஓபியாய்டு என்ற அபின் வகைப் போதைப் பழக்கத்திலிருந்து மீள்கிறவர்களுக்கான பியூப்ரினார்பின் ஸ்ட்ரிப் அமெரிக்காவில் 2010-இல் அனுமதி பெற்றது. அந்த மருந்து விழுங்கினால் பெரும்பாலும் வீண், நாக்கடியில் வைத்தால் சுமார் 30 சதவீதம் ரத்தத்துக்குப் போகும். அதே ஸ்ட்ரிப்பில் கூடவே நாலாக்சோன் என்ற எதிர்மருந்தும் இருக்கும். அது நாக்கடியில் சரியாக உறிஞ்சப்படாது, யாராவது கரைத்து ஊசியில் ஏற்றினால் மட்டும் வேலையைக் காட்டும். ஒரே ஸ்ட்ரிப்பில் ஒரு மருந்து உள்ளே போகிறது, இன்னொன்று போகாமல் நிற்கிறது. சவ்வின் குணத்தை இவ்வளவு சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொண்ட மருந்து எனக்குத் தெரிந்து வேறில்லை. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு 2020-இல் அபோமார்ஃபின் ஸ்ட்ரிப் வந்தது. ஊசியில் 2 முதல் 6 மில்லிகிராம் போதுமான அந்த மருந்துக்கு ஸ்ட்ரிப்பில் 10 முதல் 30 மில்லிகிராம் வைக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அதன் மூலக்கூறு எடை 267 டால்டன். சார்பிட்ரேட் 236. இப்படி 300-க்குக் கீழே இருக்கிற சின்னப் பயலே ஐந்தில் நான்கு பங்கை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறான்.

இப்போது பெப்டைடுகளின் எடையைப் பாருங்கள். டெஸ்மோபிரசின், ஒன்பதே ஒன்பது கண்ணி கொண்ட குட்டிச் சங்கிலி, 1,069 டால்டன். செமாக்ளூடைடு, அண்ணன் வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் ஊசிமருந்து, 4,100-க்குக் கொஞ்சம் மேலே. இன்சுலின், 51 அமினோ அமிலம், 5,800. எடை மட்டுமல்ல, இவை தண்ணீரை விரும்புகிறவை. நாக்கடிச் சவ்வில் செல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை மேல் அடுக்குச் செல்கள் கொழுப்பைச் சுரந்து அடைத்து வைத்திருக்கின்றன. நாம் தின்கிற கண்டதும் உடம்புக்குள் ஊறிவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தண்ணீர் விரும்பி, அதுவும் பருமனானது, கொழுப்புச் சந்துக்குள் எப்படி நுழையும்?

போதாக்குறைக்கு எச்சில். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறுகிறது. நாக்கடியில் எதையாவது வைத்தால் இன்னும் வேகமாக ஊறும், அதுவும் இனிப்பும் புதினாவும் கலந்த ஸ்ட்ரிப் என்றால் சொல்லவே வேண்டாம். ஸ்ட்ரிப் கரைந்த எச்சிலை நீங்கள் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் விழுங்கிவிடுவீர்கள். விழுங்கிய பெப்டைடு வயிற்றுக்கு வெறும் புரதம். முட்டையைச் செரிப்பதுபோலச் செரித்துவிடும். ‘ஒரு நிமிஷத்தில் கரையும்’ என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடுகிறார்கள் இல்லையா, பெப்டைடைப் பொறுத்தவரை அது குறை. மெதுவாகக் கரைந்து, சவ்வோடு ஒட்டிக்கொண்டு, எச்சில் பக்கம் கசியாமல் இருக்கிற ஸ்ட்ரிப்தான் தேவை. அதற்காகச் சில லேபுகளில் ஒரு பக்கம் கரையாத பூச்சு வைத்த இரட்டை அடுக்கு செய்கிறார்கள். நாக்கடியில் அது ஓரிடத்தில் நிற்காது, நாக்கு சும்மா இருந்தால்தானே. அதனால் அந்த வகையைக் கன்னத்தில் ஒட்டுகிறார்கள். அங்கே சவ்வின் கனம் கூடிவிடுகிறது.

எம்.ஃபார்ம். படிக்கும்போது இதை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். என் ப்ராஜெக்ட் இன்சுலின் ஸ்ட்ரிப். மனித வாய்க்கு நெருக்கமானது பன்றியின் வாய்ச்சவ்வு. எலியின் வாய் நம் உள்ளங்கால்போலக் கெரட்டின் ஏறியது, அதில் எடுத்த எண்களை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பன்றி கிடைப்பது எங்கள் ஊரில் கஷ்டம், அதனால் ஆடு. விடியற்காலையில் கறிக்கடையில் போய் நிற்பேன், ஒரு கையில் ஐஸ் போட்ட டப்பா, அதற்குள் பஃபர் கரைசல் பாட்டில். கன்னத்தின் உள்பக்கம் மட்டும் வேண்டும் என்று கேட்டபோது கடைக்கார பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏம்மா, கன்னத்தை நீ கொண்டுபோயிட்டா தலையை யார் வாங்குவா?” நியாயமான கேள்வி. தலையோடு வாங்கினேன். கன்னத்தை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை லேப் உதவியாளர் அக்காவுக்குக் கொடுத்துவிடுவேன். என் ஆராய்ச்சியால் தெளிவாகப் பயனடைந்தது அவர் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள்தான்.

அந்தச் சவ்வைக் கொழுப்பும் தசையும் போகச் சீவி, ஃப்ரான்ஸ் செல் என்ற கண்ணாடிக் குடுவையின் இரண்டு பாதிகளுக்கு நடுவே இறுக்க வேண்டும். மேலே ஸ்ட்ரிப், கொஞ்சம் செயற்கை எச்சில். கீழ்ப்பாதியில் பஃபர், அதற்குள் ஒரு குட்டிக் காந்தக் குச்சி சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் 37 டிகிரி வெந்நீர். அரை மணிக்கொரு தடவை கீழேயிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, கரைசலில் என்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. இயந்திரத்தில் போட்டு, இன்சுலின் வருகிறதா என்று பார்க்க வேண்டும். திரையில் கோடு நேராக ஓடும். இன்சுலின் வரவேண்டிய நிமிஷத்திலும் நேராகவே ஓடும். கடுகளவு மேடு கூட இருக்காது. சவ்வில் ஓட்டை விழுந்திருந்தால் மட்டும் மலைபோல எழும்பும். அப்போது கைடு வந்து எட்டிப் பார்த்து, “கிழிஞ்சிருக்கு, மாத்து” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அப்புறம் பித்த உப்பு சேர்த்தோம். சோடியம் டிஆக்சிகோலேட். அது செல்களுக்கு நடுவே இருக்கும் கொழுப்பைக் கரைத்து வழிவிடும். மேடு வந்தது! சின்ன மேடுதான், ஆனாலும் வந்தது. துறை முழுக்கக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அந்தச் சவ்வைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மேல் அடுக்கு அங்கங்கே உரிந்து கிடக்கிறது. வழி திறந்தது என்றால் இப்படித்தான் திறந்திருக்கிறது. உயிரோடு இருக்கும் வாயில் சவ்வு சீக்கிரம் வளர்ந்து மூடிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் தினம் மூன்று வேளை, வருஷக்கணக்கில், அதே இடத்தில்? அந்த இடைவெளியில் இன்சுலின் மட்டும்தான் நுழையும், வாயில் குடியிருக்கும் கோடிக்கணக்கான கிருமிகள் மரியாதையாக வெளியே நிற்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

ப்ராஜெக்ட்டுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. ‘மேற்கொண்டு ஆய்வு தேவை’ என்று முடித்திருந்தேன். எல்லாரும் அப்படித்தான் முடிப்பார்கள்.

சரி, நாக்கடியில் பெப்டைடு வேலையே செய்யாதா? ஒன்று செய்கிறது. லண்டனில் இருக்கும் என் சித்தி மகளுக்குப் பிட்யூட்டரிக் கட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாசோபிரசின் என்ற ஹார்மோன் சுரப்பது நின்றுவிட்டது. சிறுநீரகத்துக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்வது அந்த ஹார்மோன். அது இல்லையென்றால் மணிக்கொரு முறை கழிவறை, அடங்காத தாகம், ராத்திரித் தூக்கம் போச்சு. அதற்கு மாற்றுதான் டெஸ்மோபிரசின். முதலில் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே கொடுத்தார்கள். ஜலதோஷம் வந்தால் மூக்கு அடைத்துக்கொள்ளும், மருந்து ஏறாது, அந்த வாரம் முழுக்க அவள் பாடு திண்டாட்டம். பிறகு நாக்கடியில் கரையும் வில்லைக்கு மாற்றினார்கள். இது ஸ்ட்ரிப் இல்லை, உறையவைத்து உலர்த்திய பஞ்சுபோன்ற வில்லை. மாத்திரைபோல அமுக்கி எடுத்தால் தூளாகிவிடும், அட்டையின் பின்புறத் தாளை உரித்துத்தான் எடுக்க வேண்டும். தண்ணீர் கூடாது. வைத்த சில நொடிகளில் கரைந்துவிடும். சித்தி சுத்த சைவம். அந்த வில்லையின் உடம்பு மீன் ஜெலட்டின் என்று தெரிந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “மருந்துக்குத் தோஷமில்லை” என்று தானே சொல்லிக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

இந்த ஒரே மருந்தின் அளவுகளை வரிசையாக வைத்தால் முழுக் கதையும் தெரிந்துவிடும். ஊசியில் ஒரு நாளைக்கு 1 முதல் 4 மைக்ரோகிராம். மூக்கு ஸ்ப்ரேயில் 10 முதல் 40. நாக்கடி வில்லை ஒன்றில் 60, 120 அல்லது 240. விழுங்கும் மாத்திரை ஒன்றில் 100 அல்லது 200. நாக்கடி வில்லையிலிருந்து ரத்தத்துக்குப் போவது சுமார் 0.25 சதவீதம், அதாவது 400-இல் ஒரு பங்கு. 120 மைக்ரோகிராம் வைத்தால் 0.3 மைக்ரோகிராம் போய்ச் சேரும். மிச்சம் 399 பங்கு வயிற்றுக்குத் தானம். இதில் இன்னொரு விஷயம், 120 வில்லை 200 மாத்திரைக்குச் சமம் என்றுதான் மருத்துவர்கள் மாற்றிக் கொடுக்கிறார்கள். நாக்கடி என்ற ராஜபாட்டையில் போனதற்குக் கிடைத்த லாபம் இரண்டு மடங்கு கூட இல்லை!

ஆனாலும் அவளுக்கு அது வேலை செய்கிறது. காரணம் நாக்கடியின் மகிமை இல்லை, டெஸ்மோபிரசினின் வீரியம். ஒரு மைக்ரோகிராமில் மூன்றில் ஒரு பங்கே சிறுநீரகத்துக்குக் கட்டளை போடப் போதும். 399 பங்கை வீணடித்தாலும் செலவு தாங்கும், வீணாவது வயிற்றில் செரித்துவிடுவதால் கேடும் இல்லை. அவளும் அவள் மருத்துவரும் ரத்த சோடியத்தைப் பார்த்துப் பார்த்து அளவை அவளுக்கென்று பொருத்திவிட்டார்கள். கொஞ்சம் கூடினால் சோடியம் இறங்கி வலிப்பு வரைக்கும் போகக்கூடிய மருந்து இது, வில்லை சின்னதாக இருக்கிறதே என்று விளையாட முடியாது. மருந்து வைத்த பிறகு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதுவரை அவளுக்குக் கணக்கு இருக்கிறது.

இதே கணக்கை இன்சுலினுக்குப் போட்டுப் பாருங்கள். 10 யூனிட் என்பது சுமார் 0.35 மில்லிகிராம். சவ்வு 5 சதவீதம் விட்டால் ஸ்ட்ரிப்பில் 7 மில்லிகிராம் வைத்தால் போதும், அதற்கு இடம் இருக்கிறது. பிரச்சினை அங்கே இல்லை. இன்றைக்கு 5 விட்ட சவ்வு நாளைக்கு 10 விட்டால்? காலையில் காரமாகச் சாப்பிட்டு வாய் புண்ணாகியிருந்தால்? இரண்டு மடங்கு இன்சுலின் ஏறி, ஆள் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுவார். 2.5 விட்டால் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். சராசரி எவ்வளவு போகிறது என்பதைவிட, நாளுக்கு நாள் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் இன்சுலினுக்கு உயிர்ப் பிரச்சினை. 2005-இல் ஈக்வடார் அனுமதித்து, பின்னர் இந்தியாவிலும் ஓரல் ரெகோசுலின் என்ற பெயரில் வந்த வாய்க்குள் அடிக்கும் இன்சுலின் ஸ்ப்ரேயை இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? அமெரிக்காவில் அதற்குக் கடைசிவரை அனுமதி கிடைக்கவில்லை. மூச்சில் இழுக்கும் இன்சுலினான எக்ஸுபெரா 2006-இல் அனுமதி வாங்கி அடுத்த வருஷமே கடையைக் கட்டியது. 1922 ஜனவரியில் டொரண்டோவில் லெனர்ட் தாம்சன் என்ற பையனுக்குப் போட்ட முதல் இன்சுலின் ஊசியிலிருந்து, ஊசிக்கு மாற்று தேடாத தலைமுறையே இல்லை. பெரும்பாலும் ஊசிதான் இன்னும் நிற்கிறது. ஊசியே மெலிந்து, நீளமும் 4 மில்லிமீட்டராகக் குறைந்து, போட்டதே தெரியாத அளவுக்கு வந்துவிட்டது. அதைப் பற்றி யாரும் விளம்பரம் போடுவதில்லை.

இனி அண்ணன் விஷயம். அவர் போட்டுக்கொள்வது செமாக்ளூடைடு. அதை விழுங்கும் மாத்திரையாக 2019-இல் கொண்டுவந்தார்கள், 2022-இலிருந்து இந்தியாவிலும் கிடைக்கிறது. அதனால் ‘மாத்திரையே வந்தாச்சு, ஸ்ட்ரிப் வரக்கூடாதா?’ என்று கேட்கத் தோன்றும். அந்த மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் எஸ்.என்.ஏ.சி. என்ற துணைப் பொருள் 300 மில்லிகிராம். மாத்திரை வயிற்றின் சுவரில் போய்ச் சாய்ந்து கரையும் இடத்தில் மட்டும், கொஞ்ச நேரத்துக்கு அமிலத்தைத் தணித்து, சுவரை இளக்கி, மருந்தை உள்ளே தள்ளுகிற வேலை அதனுடையது. அதற்குத்தான் வெறும் வயிறு, அரை டம்ளருக்கு மேல் தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் காப்பி கூடாது என்ற கெடுபிடி. இத்தனை செய்தும் ரத்தத்துக்குப் போவது ஒரு சதவீதத்தைத் தாண்டாது. ஊசியில் வாரத்துக்கு 1 மில்லிகிராம். மாத்திரையில் தினம் 14, வாரத்துக்கு 98.

எங்கள் லேபில் வார்க்கிற ஒரு முழு ஸ்ட்ரிப்பின் எடை, பாலிமர் மருந்து புதினா எல்லாம் சேர்த்து, பொதுவாக 100 மில்லிகிராமுக்குள்தான். 300 மில்லிகிராம் துணைப் பொருளை அதில் எங்கே வைப்பது? வைத்தாலும் அது வயிற்றுச் சுவருக்கென்று கண்டுபிடித்த வித்தை, நாக்கடிக்கு இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செமாக்ளூடைடு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் ஒரு நாள் கூட ஏறி ஒரு நாள் குறைய ஏறினாலும் மொத்தத்தில் சமப்பட்டுவிடும். இன்சுலினுக்கு இல்லாத இந்தச் சலுகைதான் அந்த மாத்திரையைக் காப்பாற்றியது. ஆகவே என்றைக்காவது ஒழுங்கான செமாக்ளூடைடு ஸ்ட்ரிப் வரலாம், நான் முடியாது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வந்தால் மனிதர்களுக்குக் கொடுத்து, மணிக்கணக்கில் ரத்தம் எடுத்து, இவ்வளவு ஏறியது என்று அளந்த வரைபடத்தோடு வரும்.

அண்ணனை ஃபோனில் பிடித்தேன். “அண்ணே, ஒரு ஸ்ட்ரிப்புல எத்தனை மில்லிகிராம்னு போட்டிருக்கா?”

“அதெல்லாம் போடலம்மா. நூறு சதவீதம் இயற்கைன்னு போட்டிருக்கு.”

“மருந்து லைசென்ஸ் நம்பர்?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “உணவுப் பொருள் நம்பர் ஒண்ணு இருக்கு.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவர் ஊசியைத்தான் தொடர்கிறார். வாரத்துக்கு ஒரு தடவை, வலியும் இல்லை, உண்மையில் அவருக்கு ஊசியோடு சண்டை இல்லை, விலையோடுதான். அது வேறு பதிவு.

இந்த விளம்பரங்களில் அடிக்கடி தலைகாட்டும் இன்னொரு பெயர் பி.பி.சி.-157. பதினைந்து அமினோ அமிலம், 1,419 டால்டன், குரோஷியாவின் ஸாக்ரெப் ஆய்வாளர்கள் பல வருஷமாக எழுதிவருவது, பெரும்பாலும் எலிகளில். தசைநார் காயத்துக்கு அமிர்தம் என்று ஜிம் பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். மனிதர்களில் முறையாகச் செய்த சோதனைகள் விரல்விட்டு எண்ணக்கூட இல்லை, உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2022-இலிருந்து தடைப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஊசியில் போட்டாலே என்ன செய்யும் என்று உறுதியாகத் தெரியாத ஒன்றை, எவ்வளவு ஏறும் என்று அளக்காத வழியில் தருகிறார்கள். கணக்கில் தெரியாதது இரண்டாகிவிட்டது, விலை மட்டும் தெளிவாக இருக்கிறது.

உருப்படியான முயற்சிகளும் நடக்கின்றன. சூரிச்சில் ஈ.டி.ஹெச். பல்கலைக்கழகத்தினர் 2023-இல் வெளியிட்டது எனக்குப் பிடித்தது. ஆக்டோபஸ் கையில் இருக்கும் உறிஞ்சுவட்டம் மாதிரி ஒரு குட்டிக் கிண்ணம். கன்னத்தின் உட்புறம் அழுத்தினால் ஒட்டிக்கொண்டு சவ்வை உள்ளே இழுத்து விரிக்கும். விரிந்த சவ்வின் வழியே, கிண்ணத்துக்குள் இருக்கும் பெப்டைடும் துணைப் பொருளும் போகும். எச்சில் உள்ளே வராது, நாக்கு தொந்தரவு செய்யாது. அவர்கள் நாய்களில் சோதித்த மருந்துகளில் ஒன்று நம் டெஸ்மோபிரசின்தான். மனிதர்கள் மருந்தில்லாத வெறும் கிண்ணத்தை அரை மணி நேரம் அணிந்து பார்த்தார்கள். இதைப் படித்தபோது ஆட்டுக் கன்னத்தோடு மல்லுக்கட்டிய எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. இழுத்து விரிக்கலாம் என்று தோன்றவே இல்லையே!

ஆனால் என்னிடம் பணம் கொடுத்து ஒன்றில் போடச் சொன்னால் நான் வேறு பக்கம் போடுவேன். ரத்தத்துக்குப் போகவே வேண்டாத புரதங்கள். ஐரோப்பாவில் 2006-இலிருந்து கிராசாக்ஸ் என்ற நாக்கடி வில்லை இருக்கிறது, புல் மகரந்த ஒவ்வாமைக்கு. அமெரிக்காவில் வீட்டுத் தூசிப் பூச்சி ஒவ்வாமைக்கான வில்லைக்கு 2017-இல் அனுமதி கொடுத்தார்கள். இவற்றில் இருப்பது இன்சுலினை விடப் பல மடங்கு பெரிய புரதங்கள். அவை சவ்வைக் கடந்து போக வேண்டியதில்லை. சவ்வின் அடுக்குகளுக்குள்ளேயே காவல் நிற்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அவற்றைப் பிடித்து, பக்கத்து நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய்க் காட்டும். தினம் தினம் காட்டிக்கொண்டே இருந்தால் உடம்பு மெல்ல மெல்லச் சண்டையைக் கைவிடும். மூன்று வருஷம் வைக்க வேண்டும், முதல் வில்லையை மருத்துவர் முன்னால்தான் வைத்து அரை மணி உட்கார வேண்டும், ஏனென்றால் தருவதே ஒவ்வாத பொருள். நம் ஊரில் சில ஒவ்வாமை மருத்துவர்கள் சொட்டுகளாகத் தருகிறார்கள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், எண்ணிச் சொட்ட வேண்டும், குழந்தை வாயைத் திறக்க வேண்டும்.

சொட்டுக்குப் பதில் ஸ்ட்ரிப் என்பது இங்கேதான் பொருந்துகிறது. அளவு வெட்டிலேயே இருக்கும், குழந்தை துப்ப முடியாது, மெதுவாகக் கரைந்தால் காவல் செல்களுக்குக் கூடுதல் நேரம். ஈரம் மட்டும் எங்களை விடமாட்டேன் என்கிறது. இந்த வருஷ மழைக்குள் உறையை மாற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம், மூன்றடுக்கு அலுமினியத்துக்குக் கொள்முதல் துறை இன்னும் கையெழுத்துப் போடவில்லை.